நாற்பத்திரண்டு இளைத்த கதை

அந்தத் தையல் கம்பெனியில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. இவருக்கு மட்டும் ஓர் எண். நாற்பத்திரண்டு. "நாப்பத்திரண்டு வந்தாச்சா?", "நாப்பத்திரண்டு டீ குடிச்சாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். சிறையில் எண் சொல்லிக் கூப்பிடுவது போல என்று நினைத்துவிட வேண்டாம். இது தலையில் வைத்த கிரீடம் மாதிரி. அவர் இடுப்பில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பருமனான ஆண்களுக்கு மட்டும் பேன்ட் தைத்து விற்கிற கம்பெனி அது. ஒல்லிக்குச்சிகளுக்குத் தைக்க ஊரெல்லாம் கடை இருக்கிறது, தொப்பை உள்ளவனுக்கு மரியாதையாகத் தைக்க ஓர் இடம் வேண்டாமா என்று முதலாளியம்மா ஆரம்பித்தது. நம்மவருக்கு அங்கே இஸ்திரி போடுகிற வேலை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் இஸ்திரிக்காரர் இல்லை, அளவு. எந்தப் புது மாடலானாலும் முதல் பேன்ட்டை அவருக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். வெட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை கிடக்கும். அதன்மேல் ஏறி நிற்பார், திரும்புவார், குனிவார், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பார். அவருக்குச் சரியாக உட்கார்ந்தால் அதுதான் நாற்பத்திரண்டு. அதிலிருந்து கூட்டிக் கூட்டி நாற்பத்திநாலு, நாற்பத்தாறு என்று கப்பல் பாய் வரைக்கும் போவார்கள்.

ஏன், ஒரு டேப்பை எடுத்து அளந்துவிட்டால் போகாதா என்று கேட்கலாம். கட்டிங் மாஸ்டரிடம் கேட்டுவிடக் கூடாது. அவர் துணிக்குத்தான் டேப் பிடிப்பார், ஆளுக்குப் பிடிக்க மாட்டார். இளம் வயதில், வெயிலில் கிடந்து சுருங்கிப்போன ஒரு டேப்பை நம்பி ஒரு பாடகருக்குப் பேன்ட் தைத்தாராம். கச்சேரியில் பாடகர் உச்சத்துக்குப் போனபோது பேன்ட் கீழே வந்துவிட்டது. அன்றோடு டேப்புக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை முறிந்தது. கடை வாசலில் நிறுத்துகிற மர பொம்மையையும் சேர்க்க மாட்டார். "அது சாப்பிடுமா, ஏப்பம் விடுமா, குனிஞ்சு செருப்பு மாட்டுமா? அதுக்குத் தச்சா அதுதான் போட்டுக்கணும்" என்பார். அவர் நம்பியது ஒரே ஓர் உடம்பை.

அந்த உடம்பின் சொந்தக்காரருக்கு இதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் தங்கள் கம்பெனி பேன்ட் போட்டிருந்தால், 'நம்ம இடுப்புதான் போய்க்கிட்டிருக்கு' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். வங்கி மேலாளர், மருந்துக்கடைக்காரர், ஏன், போக்குவரத்து அதிகாரி வரைக்கும் எல்லாரும் இவர் உடம்புக்குள் புகுந்துதான் வேலைக்குப் போகிறார்கள். இப்படி ஒரு பதவி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பதவியைக் காப்பாற்ற அவர் உழைக்காமலும் இல்லை. காலையில் வெண்ணெய் தடவிய பன், கூடவே இரண்டு முட்டை. மதியம் இறைச்சி, கட்டித் தயிர். சாயங்காலம் பாலேட்டோடு காபி. ஒருநாள் குறைந்தாலும் "கடமை தவறிட்டேனோ" என்பது போல முகம் வாடிவிடும்.

கம்பெனியில் கிரீடம் என்றால், வீட்டில் அதே இடுப்பு வேறு வேலை செய்தது. வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. முட்டி இரண்டும் துருப்பிடித்த கதவு மாதிரி முனகும். இரண்டாவது மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் பாவப்பட்டு, இவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலியே போட்டு வைத்திருந்தார். அது கூடப் பரவாயில்லை. குறட்டை இருக்கிறதே, அதுதான் குடும்பத்தைப் பிரித்தது. அவர் குறட்டை விட ஆரம்பித்தால் எதிர்வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று கிசுகிசுக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை யாரோ நிறுத்தாமல் விட்டார்கள் என்று கீழே போய்த் தேடிவிட்டு வந்தார்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தூக்கம் கெட்டால் மறுநாள் ஸ்டியரிங்கில் கை நிற்க வேண்டுமே. சண்டை எதுவும் போடவில்லை. ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் இருந்த சோபாவுக்குக் குடிபோனார். வருஷக்கணக்கில் அங்கேயேதான். "பொண்டாட்டி வெளியூர்லயா?" என்று யாராவது கேட்டால், "ஹால்ல" என்பார் நம்மவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கட்டிலின் அந்தப் பாதியில் அவர் ஒருநாளும் கையைக் காலைப் பரப்பியதில்லை. அது அப்படியே மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

இப்படி இருக்கையில், நல்ல வெயில் காலத்தில், வீட்டு ஃப்ரிட்ஜ் செத்துப்போனது.

மெக்கானிக் "நாளைக்கு வர்றேன்" என்றார். அவருடைய நாளை என்பது அடிவானம் மாதிரி, போகப் போகத் தள்ளிப்போகும். அதுவரை பால் திரிந்தது, தயிர் பொங்கியது, வெண்ணெய் உருகியது, முட்டை அழுகியது, இறைச்சி வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டது. தினம் தினம் வேலைக்கு ஏறி இறங்குவது போக, விடியற்காலையில் இன்னொரு தடவை கீழே இறங்கிப் புதிதாக வாங்கிவர வேண்டும். நான்கு மாடியும் இவர் முட்டியும் சேர்ந்து அதற்குச் சம்மதிக்கவில்லை. வெளியே வைத்தால் கெடாத சாமான் எதுவோ அதுதான் சாப்பாடு என்று ஆனது. பருப்பு, பயறு, பீன்ஸ், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, ரொட்டி, கூடை நிறையப் பழம், மனைவி வேன் விட்டு வரும்போது கொண்டுவரும் கீரை. டீயில் பால் கிடையாது, எலுமிச்சைதான்.

முதல் வாரம் பயறும் பீன்ஸும் வயிற்றுக்குள் வாணவேடிக்கை நடத்தின. இஸ்திரி மேசைப் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் நம்மவர் நீராவிப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, "வாஷர் போயிடுச்சு போல" என்பார். பாவம், நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த அந்தப் பெட்டியை முதலாளியம்மா இரண்டு தடவை பழுதுபார்க்க அனுப்பினார்.

வயிறு பழகிக்கொண்டது. அப்புறம் ஒரு விடியற்காலையில் அது நடந்தது. சோபாவில் படுத்திருந்த மனைவிக்கு விழிப்புத் தட்டியது. என்னவோ சரியில்லை. காதைத் தீட்டிக் கேட்டார். சத்தமே இல்லை. எதிர்வீட்டு நாய் வாசலில் நிம்மதியாகக் கொட்டாவி விடுவது கூடக் கேட்டது. எழுந்து ஓடினார். புருஷன் மல்லாந்து கிடந்தார். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார்.

"என்னடி பண்றே?" என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

"இருக்கீங்களான்னு பாத்தேன்."

"எங்க போகப்போறேன், நாலாவது மாடியிலிருந்து?"

அடுத்த நாளும் சத்தமில்லை. அதற்கு அடுத்த நாளும். அந்த வார முடிவில் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்து, மடிப்புக் கலையாத பாதியைத் தட்டிப் போட்டுவிட்டுப் படுத்தார். நம்மவர் தூங்குகிறவர் மாதிரிக் கிடந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

மெக்கானிக்கின் நாளை கடைசியில் வந்தே விட்டது. பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, "கம்ப்ரஸர் போயிடுச்சுக்கா, மாத்திடலாம்" என்றார்.

"வேண்டாம் தம்பி. இது கெட்டதுலதான் இந்த வீட்ல ஒண்ணு சரியாச்சு. அப்படியே விட்டுருங்க" என்றார் மனைவி.

மெக்கானிக் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். ஃப்ரிட்ஜில் அன்றைக்கே குடைகளும் செருப்புகளும் குடியேறின.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவினார். எல்லாவற்றையும் கேட்டபின், "இறைச்சி, மீன், முட்டை இல்ல. பால், தயிர், வெண்ணெயும் இல்ல. இதுக்குப் பேர்தான் வீகன்" என்றார்.

"பேரெல்லாம் இருக்கா டாக்டர்? நாங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு சொல்லிட்டிருந்தோம்."

டாக்டரம்மா சிரித்து முடித்துவிட்டு, பி பன்னிரண்டு வைட்டமின் மாத்திரை ஒன்றை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொன்னார். இந்தச் சாப்பாட்டில் அது கிடைக்காதாம். மனைவி அந்த டப்பாவை டீத்தூள் டப்பாவோடு ஒட்டினாற்போல் வைத்தார், கை தானாகப் போகட்டும் என்று.

குறட்டையோடு நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்திரிப் பெட்டியின் மேலேயே சாய்ந்து தூங்குகிற பழக்கம் போனது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு பேன்ட்டாவது பின்பக்கத்தில் முக்கோணமாகப் பொசுங்கும். நெஞ்செரிச்சலுக்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த மாத்திரை அட்டை துவைப்பில் கரைந்தே போனது, யாரும் தேடவில்லை. மூக்கடைப்பு விட்டதில் புதுத் துணி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை இருப்பது தெரிந்தது. கேரட் இனிக்கும் என்பதை இந்த வயதில் கண்டுபிடித்து, மனைவியை அழைத்து, ஏதோ தானே விளைவித்த மாதிரி ஒரு துண்டு ஊட்டினார். காலைக்கடன் கழிக்க செய்தித்தாளோடு உள்ளே போனவர் தலைப்புச் செய்தி முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். உலக நடப்பு தெரியாமல் போனதுதான் இதில் ஒரே நஷ்டம். எல்லா உடம்புக்கும் இப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. அவர் உடம்புக்கு நடந்தது.

படியேறும்போது இரண்டாவது மாடி நாற்காலியில் உட்கார மறந்துபோனார். சில நாள் பார்த்த தபால்காரர் கதவைத் திறந்து, "ஏன், நாற்காலி பிடிக்கலையா?" என்று கேட்டார்.

"அய்யோ, அப்படி இல்ல சார். வலிக்கல, அதான்."

"அப்ப சரி" என்று நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டார். முகத்தில் லேசான வருத்தம். ஒரு பேச்சுத்துணை போயிற்றே.

இத்தனையும் கவனித்த மனிதர் ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. தான் இளைக்கிறோம் என்பதை. மனைவி சொல்லிப் பார்த்தார். "என்னங்க, வத்திக்கிட்டே வர்றீங்க."

"போடி. நாப்பத்திரண்டு சிக்குனு இருக்கு, பாரு" என்று இடுப்பைத் தட்டிக் காட்டுவார்.

சிக்கென்றுதான் இருந்தது. ஏனென்றால் திங்கட்கிழமை போட்டுப் பார்க்கிற சாம்பிள் பேன்ட் அவருக்கே சொந்தம். வருஷம் பூராவும் அவர் உடுத்துவது அதைத்தான். அந்தப் பேன்ட்டோ அவருக்குச் சரியாக இருக்கும்வரை திருத்தப்பட்ட பேன்ட். ஷூ நாடாவைக் குனிந்து தானே கட்ட முடிந்தபோது கூட, 'நாடா நீளமா வருது இப்பல்லாம்' என்றுதான் நினைத்தார்.

கட்டிங் மாஸ்டருக்கும் சந்தேகமே வரவில்லை. தினமும் பார்க்கிற முகம். திங்கட்கிழமை பேன்ட் அவர் இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று நின்றால், மாஸ்டர் துணியைத்தான் முறைப்பார். "மில்லுக்காரன் நூலை மாத்திட்டான்யா. இழுத்துக் குடுக்குது" என்று வெட்டு அட்டையின் ஓரத்தில் ஒரு நூல் அளவு சீவுவார். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு நூல். உடம்பு பொய் சொல்லாது என்று சத்தியம் பண்ணின மனிதர். அட்டை இளைத்தது, அட்டையோடு நாற்பத்திநாலும் நாற்பத்தாறும் இளைத்தன. லேபிளில் இருந்த எண் மட்டும் அசையவில்லை.

அப்புறம் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? ஒருத்தர் கூடக் கம்பெனிக்கு வந்து குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பேன்ட் ஏறவில்லை என்றால் எந்த ஆம்பிளையும் கண்ணாடியைத்தான் பார்ப்பான். வங்கி மேலாளர் மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். மருந்துக்கடைக்காரர் கடைக்கு நடந்தே வந்தார். காலையில் பூங்காவைச் சுற்றி மூச்சு வாங்க நடக்கிற கூட்டம் அதிகமாகி, நடைபாதையில் எதிரும் புதிருமாக இடித்துக்கொண்டார்கள். எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பேச்சை வெளியே விட முடியாமல், கண்ணாலேயே வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். மானஸ்தர்கள் சிலர் சத்தமில்லாமல் ஒரு சைஸ் ஏறினார்கள். நாற்பத்திநாலு பறந்தது. முதலாளியம்மா காரணம் புரியாமல் சந்தோஷப்பட்டார்.

விஷயம் நம்மவருக்குத் தெரியவந்தது மைத்துனன் மூலம். மனைவியின் தம்பி. பழைய சாமான் ஏலம் விடுகிறவன், நல்ல குரல், நல்ல தொப்பை. பல வருஷமாக நாற்பத்திரண்டு தவிர வேறு போட்டதில்லை. "மாமா உடம்புதான் என் உடம்பு" என்று பெருமையடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சோபாவில் விழுந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"மாமா, யாருக்கும் தெரியாம ஒரு நாப்பத்தாறு எடுத்துட்டு வந்து குடுங்க."

"என்ன மாப்ளே, என்ன ஆச்சு?"

"நேத்து ஏலத்துல மூணாவது தடவை சொல்றதுக்கு மூச்சை இழுத்தேன். பட்டன் தெறிச்சுது. நேரா போயி மேசை மேல இருந்த வெண்கல மணியில அடிச்சுது. டங்குன்னு ஒரு சத்தம். மணி அடிச்சா ஏலம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்த நேரம் பாத்து மூக்கைச் சொறிய கையைத் தூக்கின ஒரு மனுஷன் தலையில ஒரு பியானோ விழுந்துடுச்சு."

"அய்யய்யோ. அடியா?"

"தலையில விழுந்துச்சுன்னா, அவர் பேருக்கு முடிஞ்சுதுன்னு சொல்றேன். எடுத்துட்டும் போயிட்டாரு. வெளியே எங்கயும் சொல்லிடாதீங்கன்னு என்னைக் கெஞ்சிட்டுப் போறாரு. அவருக்கும் பேன்ட் டைட்டு, மாமா. உக்கார முடியாம நின்னதுலதான் கண்ணுல பட்டாராம்."

நம்மவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மைத்துனனைப் பார்த்தார். போன வருஷம் பார்த்த அதே தொப்பை. ஒரு சுற்றுக்கூடக் கூடவில்லை. சிரிப்பு நின்றது. உள்ளே போய், பரணில் கிடந்த பழைய சாம்பிள் பேன்ட் ஒன்றை எடுத்து வந்தார். அதிலும் லேபிள் நாற்பத்திரண்டுதான். "இதைப் போட்டுப் பாரு."

மைத்துனனுக்குக் கையுறை மாதிரி உட்கார்ந்தது. அதையே வாங்கி நம்மவர் போட்டுப் பார்த்தார். விட்ட கையோடு தரையில் விழுந்தது.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னப்ப கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தவர், விஷயம் முழுக்கப் புரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏங்க, ஊர்ல இருக்கிற குண்டன் எல்லாரையும் பட்டினி போட்டுட்டீங்களே."

நம்மவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொன்னால் பதவி போகும். மாஸ்டர் தலை கவிழும். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை பட்டன் தெறிக்குமோ. ஒரே வழிதான் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் பழைய உடம்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது.

கம்பெனிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் மறுநாளே ஆரம்பித்தார். வெண்ணெய் பன், முட்டை, பாலேட்டுக் காபி. நாக்கு வரவேற்றது. வயிறு யாரோ அந்நியன் வந்த மாதிரி முறைத்தது. இஸ்திரிப் பெட்டி மேல் மறுபடி தலை சாய்ந்தது, மறுபடி ஒரு முக்கோணம் பொசுங்கியது. வாரக் கடைசியில் ஒருநாள் காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் தலையணை இல்லை. ஹாலில் மனைவி சோபாவில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலங்க" என்றார். "வேன்ல குழந்தைங்க இருக்கு, அதான்."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. இவர் அறைக்குத் திரும்பிப் போய்க் கட்டிலின் அந்தப் பாதியைப் பார்த்தார். மடிப்புக் கலையாமல் கிடந்தது. டீக்கடைக்குப் போவது அன்றோடு நின்றது. தலையணையும் இரண்டு நாளில் திரும்பி வந்தது. ஆனால் திங்கட்கிழமையும் வந்துவிட்டதே.

அன்று காலை பெட்டியைக் குடைந்து ஒரு துண்டை எடுத்தார். கடற்கரைக்குப் போனபோது வாங்கியது, படுக்கை விரிப்பு அகலம், நடுவில் பெரிய பச்சைக்கிளி. அதை மடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மேலே சட்டை போட்டார்.

"பொய்த் தொப்பை கட்டிட்டுப் போறதுக்கு உண்மையைச் சொல்லிடலாமே" என்றார் மனைவி, துண்டின் முனையை இழுத்துச் செருகிவிட்டுக்கொண்டே.

"அடுத்த வாரம் சொல்றேன்."

"எந்த அடுத்த வாரம்? மெக்கானிக்கோட அடுத்த வாரமா?"

அன்றைக்கென்று பார்த்து முதலாளியம்மாவும் வெட்டு மேசைக்கு வந்திருந்தார். நாற்பத்திரண்டை விட நாற்பத்திநாலு ஏன் அதிகம் போகிறது என்று நேரில் பார்க்க ஆசையாம். நம்மவர் சட்டைத் தொங்கலால் மறைத்துக்கொண்டு சாம்பிளை மாட்டினார். தொடைக்கு மேல் ஏறவில்லை. அவர் யோசிக்காதது அதுதான். அட்டை இளைத்துவிட்டது, துண்டோ பழைய நாற்பத்திரண்டு.

மாஸ்டர் திகைத்துப்போனார். "போன வாரம் சரியா இருந்துச்சேய்யா. மூச்சை விடுங்க." பேன்ட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மேலே இழுத்தார். "இன்னும் விடுங்க." மறுபடி இழுத்தார். துண்டு கீழே இறங்க ஆரம்பித்தது. தொப்பை மெதுவாக வலது தொடைக்குப் போனது. அங்கிருந்து முட்டிக்குப் போனது. கால் முனையில் ஒரு பச்சைச் சிறகு எட்டிப் பார்த்தது.

முதலாளியம்மா குனிந்து அதைப் பிடித்தார். இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. கிளியின் வால், உடம்பு, அலகு, கடைசியில் கடை விலைச்சீட்டு கூட. முழுக்க வெளியே வந்ததும் பேன்ட் நம்மவர் இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. தையல் இயந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"இது என்ன?" என்றார் முதலாளியம்மா.

"கிளிம்மா" என்றார் நாற்பத்திரண்டு.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஃப்ரிட்ஜில் ஆரம்பித்து, பியானோ வரைக்கும். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கையிலிருந்த வெட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பாடகருக்குப் பிறகு முதல் தடவையாக ஆளுக்கு டேப் பிடித்தார். சுற்றிப் பிடித்து, எண்ணைப் படித்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். முப்பத்தெட்டு.

"உடம்பு கூடவா பொய் சொல்லும்?" என்றார் மெதுவாக.

"உடம்பு சொல்லல மாஸ்டர். நான்தான் கவனிக்கல."

முதலாளியம்மா கிளித்துண்டை மடிக்கத் தொடங்கியிருந்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்களுக்கு லீவு தர்றேன். பழையபடி நல்லா சாப்பிட்டு, அந்த உடம்பைக் கொண்டாங்க. அந்த இடுப்பை நம்பித்தான் கடையே இருக்கு."

எல்லாரும் நம்மவரைப் பார்த்தார்கள். மரப்பலகையின் மேல் நின்றிருந்தார். எத்தனையோ வருஷம் நின்ற பலகை, அவர் பாதத்துக்குத் தேய்ந்து குழிந்த பலகை. அதிலிருந்து இறங்கினார். முட்டி சத்தம் போடவில்லை.

"தொப்பை வந்துடும்மா, அதெல்லாம் ரெண்டே மாசம். ஆனா அது தனியா வராது. குறட்டையைக் கூட்டிட்டு வரும். குறட்டை வந்தா அவ ஹாலுக்குப் போயிடுவா. இப்பத்தான் வந்திருக்கா. நான் இஸ்திரி மட்டும் போட்டுக்கிறேன், விட்டுருங்க."

முதலாளியம்மா துண்டை மேசைமேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசமா ராத்திரியில சூப் மட்டும்தான் குடிக்கிறாரு" என்றார். "பேன்ட் டைட்டா இருக்குன்னு. எரிஞ்சு எரிஞ்சு விழறாரு. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்." சொல்லும்போதே வாய்க்கோடி துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்தபின் மற்றவர்களும் சிரிக்கலாம் என்று ஆயிற்று. கடைசியாகச் சிரித்தது மாஸ்டர்.

"அப்ப நாப்பத்திரண்டுக்கு எங்கே போறது?" என்றார் அவர்.

"ஆள் இருக்கு மாஸ்டர். அசல் நம்ம பழைய சரக்கு. ஏலம் விட்டுக்கிட்டிருக்கு."

மைத்துனன் மத்தியானமே வந்தான். மரப்பலகையில் ஏறி நின்றவனை மாஸ்டர் நம்பாமல் டேப்பால் ஒருமுறை, கண்ணால் ஒருமுறை அளந்தார். நூல் பிசகவில்லை. "இந்தத் தொப்பை ஒருநாள் நல்ல காரியத்துக்கு உதவும்னு நான் அப்பவே சொன்னேன்" என்று ஏலம் விடுகிற குரலில் அறிவித்தான் அவன்.

கடை வாசலில் முதலாளியம்மா ஒரு பலகை வைத்தார்: 'அண்மையில் வாங்கிய பேன்ட் இறுக்கமாக இருந்தால் தவறு உங்களுடையது அல்ல. கொண்டுவந்து மாற்றிக்கொள்ளவும்.' அதைப் படித்த ஒரு பெரிய மனிதர் நடுத்தெருவில் நின்று, மாதக்கணக்கில் உள்ளே இழுத்து வைத்திருந்த வயிற்றை அப்படியே விட்டார். பக்கத்தில் நின்ற சைக்கிள் சாய்ந்தது என்கிறார்கள். வங்கி மேலாளர் மட்டும் மாற்ற வரவில்லை. நடந்து நடந்து அவருக்கு அதுவே சரியாகிவிட்டதாம்.

நம்மவரை இன்னமும் நாற்பத்திரண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள், முப்பத்தெட்டிலேயே நின்றுவிட்டபோதும். மைத்துனனைச் சின்ன நாற்பத்திரண்டு என்கிறார்கள், அவன் பெரியவனாக இருந்தும். முதலாளியம்மா கண்டிப்பாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: திங்கட்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, ஒருத்தர் டப்பாவை மற்றவர் எட்டிப் பார்க்கவும் கூடாது. மாஸ்டர் நடுவில் உட்கார்ந்து காவல் காக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் அக்கா வீட்டுக்கு வந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தபால்காரர் மறுபடி நாற்காலி போட்டிருந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. அவரோடு நெடுநேரம் பேசி, மூச்சு வாங்கி, மேலே வந்து சேர்ந்தவனுக்கு அக்கா எலுமிச்சை டீ கொடுத்தார். சட்டப்படி அது கூடத் தரலாமா என்று நம்மவர் யோசித்தார்.

மைத்துனன் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தான். அக்கா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்வரை காத்திருந்தான். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

"மாமா, முதலாளியம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக்காரி பத்து நாளா ஹால்ல படுக்கிறா." குரலை இன்னும் தாழ்த்தினான். "உங்க ஃப்ரிட்ஜ் எப்படி ரிப்பேர் ஆச்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."